சமூகப் பணியாளர் என்ன செய்கிறார்? தருமபுரி, கிருஷ்ணகிரியை வைத்து ஓர் எளிய விளக்கம்

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணியில் முதுகலை) படிக்கப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளையிடம் தருமபுரிப் பக்கத்து வீடுகளில் கேட்கும் முதல் கேள்வி, "நாலு பேருக்கு நல்லது பண்ண எதுக்குப் படிப்பு? மனசு இருந்தா போதாதா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் வண்டி பிடித்துக் கொடுப்பவர், ரத்தம் தேவை என்றால் பத்துப் பேரைத் திரட்டுபவர், முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுப்பவர் என்று எல்லா ஊரிலும் நல்ல மனது உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் ஊர் நடக்காது. ஆனால் ஒரு குழந்தை சொந்த வீட்டில் இருப்பதா, இல்லத்தில் இருப்பதா என்று முடிவு செய்ய உதவும் அறிக்கையை எழுதுபவருக்கு மனது மட்டும் போதாது. எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது, கேட்டதை யாரிடம் சொல்லலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். தவறினால் பதில் சொல்லும் பொறுப்பும் அவருக்கு இருக்கிறது. அந்தப் பொறுப்போடு, பயிற்சி பெற்று, சம்பளத்துக்கு இந்த வேலையைச் செய்பவரைத்தான் இங்கே சமூகப் பணியாளர் என்கிறேன்.

இந்தப் படிப்பில் சேர நினைப்பவர்களுக்கும், புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பாடப்புத்தகங்களில் பணி, நெறி, தன்னைப் பேணுதல் என்று மூன்றும் தனித்தனிப் பாடங்களாக வரும். களத்தில் அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. தூக்கம் கெட்டு, மதியச் சாப்பாடு தவறி, கேட்ட கதைகளின் பாரம் இறங்காமல் இருக்கும் பணியாளரிடமிருந்து முதலில் நழுவுவது நெறிதான். அவசரப்படுவார், எரிந்து விழுவார், அடுத்தவருக்காகத் தானே முடிவெடுப்பார். அதற்கான விலையை உதவி கேட்டு வந்தவர் கொடுப்பார்.

வேலை என்ன?

இந்தியாவில் இது ஒரு படிப்பாக வந்தது 1936இல், பம்பாயில். அன்று தொடங்கிய பள்ளிதான் இன்றைய டாட்டா சமூக அறிவியல் கழகம். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். முதுகலைப் படிப்பு இரண்டு ஆண்டுகள். வகுப்பறையோடு களப்பணியும் உண்டு. மனநலத் துறையில் வேலை செய்ய விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒருவரை மனநல சமூகப் பணியாளர் என்று ஏற்க, முதுகலைக்கு மேல் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். பயிற்சியையும் கேட்கிறது.

மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், அரசு மருத்துவமனை, மாவட்ட மனநலத் திட்டம், தொண்டு நிறுவனங்கள், ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகள் என்று இவர்கள் வேலை செய்யும் இடங்கள் பல. இடம் எதுவானாலும் வேலையின் அடிப்படை ஒன்று. ஒருவரின் கஷ்டத்தை அவருடைய குறையாக மட்டும் பார்க்காமல், அவர் வாழும் வீடு, தெரு, தண்ணீர், கூலி, சாதி எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்ப்பது. பிறகு, அவரே எழுந்து நிற்க வழி தேடுவது.

இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் பொதுவான ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். இங்கே பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டிய தண்ணீரைச் சிறு வயதிலிருந்து குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். பல ஆண்டுகள் தொடர்ந்தால் மூட்டு இறுகும், எலும்பு வளையும். பள்ளியில் வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசும் ஒரு மாணவி பணியாளரிடம் வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளோடு உட்கார்ந்து பேசி, கூச்சத்தைக் குறைப்பது ஒரு வேலை. அதே கறை உள்ள பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்து, இது யார் செய்த தப்பும் இல்லை என்று அவர்களுக்குள்ளேயே பேசவைப்பது இன்னொரு வேலை. அந்தப் பிள்ளைகள் எல்லாரும் எந்தப் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் என்று விசாரித்து, ஊராட்சித் தலைவரிடமும் கிராம சபையிலும் ஊர்க்காரர்களே எழுந்து கேட்கும்படி செய்வது மூன்றாவது வேலை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. குழாயில் தண்ணீர் வராத நாளில் அந்த வீட்டார் எதைக் குடிக்கிறார்கள் என்று போய்ப் பார்ப்பதும் இந்த வேலையில் அடக்கம். தனிநபர், குழு, சமுதாயம் என்று பாடத்தில் படிக்கும் மூன்று நிலைகளும் இப்படி ஒரே கேஸில் வந்துவிடும்.

குழுவாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது இதற்குள் இருந்தது, தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004இல். கிருஷ்ணகிரியில் மகளிர் குழுக்களை வளர்த்த குழந்தை பிரான்சிஸ் என்பவருக்கு 2012இல் மகசேசே விருது கிடைத்தது. சித்தேரி மலையை ஒட்டிய சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி 1993இல் தொடங்கிய மருத்துவப் பணியில், அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களே பயிற்சி பெற்று சுகாதாரப் பணியாளர்கள் ஆனார்கள். வெளியிலிருந்து வந்தவர் தன் கையில் இருந்த திறமையை ஊரார் கைக்கு மாற்றியதுதான் இங்கே முக்கியம். நல்ல சமூகப் பணிக்கு என் கணக்கில் இதைவிடச் சரியான அளவுகோல் இல்லை.

ஒரு கேஸை முழுதாகப் பார்ப்போம்

கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி மலைப்பகுதியில் பத்தாம் வகுப்பு முடித்த 16 வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள். கூடப் படித்த தோழி குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு போன் செய்கிறாள். (இது ஒரு தனி வீட்டின் கதை இல்லை, விளக்கத்துக்காகச் சேர்த்துச் சொல்வது.) 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் தெளிவானது: பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிரம்பாமல் நடத்திவைப்பது குற்றம், இரண்டு ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. போலீஸும் சமூக நலத்துறையும் சேர்ந்து போனால் அன்றைய கல்யாணம் நின்றுவிடும். பத்திரிகையில் செய்தியும் வரும்.

சமூகப் பணியாளரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. முதலில் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும், அம்மா அப்பா பக்கத்தில் இருக்கும்போது "உனக்கு இதில் விருப்பமா?" என்று கேட்பது கேள்வியே ஆகாது. அப்புறம் அம்மாவிடம் பேச வேண்டும். மிரட்டலோடு போனால் அம்மா வாயைத் திறக்க மாட்டார். பொறுமையாகக் கேட்டால் சொல்வார்: "நாங்க ரெண்டு பேரும் பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டா, இந்தப் புள்ளைய யாரு பாத்துக்குவா மேடம்? ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துட்டா பயமில்லாம இருக்கலாம்னு நெனச்சோம்." இப்போதுதான் உண்மையான பிரச்சினை வெளியே வருகிறது. வயதுக்கு வந்த பெண்ணைத் தனியாக விட்டுப் போகும் பயம். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் சட்டத்தை மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினால், நிறுத்திய கல்யாணம் சத்தமில்லாமல் வேறு ஊர்க் கோயிலில் நடந்துவிடக் கூடும்.

அதனால் விடுதி உள்ள பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இடம் தேட வேண்டும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய் கிடைக்கும் புதுமைப் பெண் திட்டத்தை அப்பாவுக்குப் புரியவைக்க வேண்டும். திருமண ஆபத்தில் இருக்கும் குழந்தையை இளைஞர் நீதிச் சட்டம் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை என்கிறது. அதனால் குழந்தை நலக் குழுவின் முன் அவளை அழைத்துப் போகும்போது, அங்கே என்ன கேட்பார்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்னமே சொல்ல வேண்டும். சாதிச் சான்றிதழ் இல்லாமல் அட்மிஷன் நின்றால் தாலுகா ஆபீஸுக்கு நடக்க வேண்டும். பிறகு மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும். இந்த ஃபாலோ-அப் எந்தச் செய்தியிலும் வராது. அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டுவாளா என்பது இதில்தான் இருக்கிறது.

நெறி எங்கே சிக்கலாகிறது?

அதே பெண் தனியாகப் பேசும்போது, "யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா" என்று தொடங்கி, உறவினர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதைச் சொல்ல வருகிறாள் என்று வையுங்கள். ரகசியம் காப்பது இந்த வேலையின் உயிர். ஆனால் குழந்தைமீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். மறைத்தால் அது குற்றம். "சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் போலீஸோடு போய் நின்றால், அந்தப் பெண் வாழ்நாளில் இன்னொருவரை நம்ப மாட்டாள். ஆகவே பேச்சைத் தொடங்கும்போதே எல்லையைச் சொல்லிவிட வேண்டும். "நீ சொல்றதை ஊர்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா, அதைத் தடுக்கிறவங்ககிட்ட நான் சொல்லியாகணும். யார்கிட்ட என்ன சொல்லப் போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுதான் செய்வேன்." இதைக் கேட்டுவிட்டு அவள் பேசாமல் இருந்துவிடலாம். அப்படியானால் காத்திருக்க வேண்டியதுதான். பல பிள்ளைகள் இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில் பேசுவார்கள், ஏனென்றால் தன்னிடம் பொய் சொல்லாதவர் என்று அதற்குள் தெரிந்திருக்கும்.

பதினெட்டு வயது தாண்டியவர் விஷயம் வேறு. பத்தொன்பது வயதுப் பெண் வேறு சாதிப் பையனோடு வீட்டைவிட்டுப் போய், பாதுகாப்பு கேட்டு சேவை மையத்துக்கு வருகிறாள். பெற்றோர் அழுதுகொண்டே வந்து, "எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க, பாத்துட்டுப் போயிடறோம்" என்கிறார்கள். பணியாளருக்கும் பெற்றோர் மேல் இரக்கம் வரும், வர வேண்டும். ஆனால் முகவரி சொல்லக் கூடாது. சாதி மறுப்புத் திருமணம் ஒன்றைத் தொடர்ந்து 2012 நவம்பரில் நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டு வீடுகள் எரிக்கப்பட்ட மாவட்டம் தருமபுரி. இங்கே ஒரு முகவரி வாய் தவறி வெளியே போவது உயிர்ப் பிரச்சினை. அவள் முடிவு சரியா தவறா என்பதில் பணியாளருக்குத் தனிக் கருத்து இருக்கலாம். அந்தக் கருத்தை யாரும் கேட்கவில்லை. பெற்றோரைப் பார்க்க விருப்பமா என்று பெண்ணைக் கேட்கலாம். விரும்பினால் பாதுகாப்பான இடத்தில் சந்திக்க ஏற்பாடு செய்யலாம். முடிவு அவளுடையது.

தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது கேட்க எளிது. பெண் சிசுக்கொலை இந்த வட்டாரத்தில் எவ்வளவு பரவியிருந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பிறகு தருமபுரிக்கும் விரிவாக்க வேண்டியிருந்தது. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததால் குழந்தையை ஒப்படைக்க வந்திருக்கும் தாயின் முன் உட்காரும்போது உள்ளே கோபம் வரத்தான் செய்யும். அந்தத் தாயை அங்கே அனுப்பிவைத்தது மாமியாரா, கணவனின் மிரட்டலா, கடனா, அவளுடைய சொந்த முடிவா என்று கோபத்தோடு இருப்பவரால் கேட்க முடியாது. கேட்காவிட்டால், அவள் குழந்தையை வைத்துக்கொள்ள ஒரு வழி இருந்திருக்குமா என்பதே தெரியாமல் போய்விடும். சட்டவிரோதமாக ஸ்கேன் செய்து ஆணா பெண்ணா என்று சொல்லிப் பணம் பார்ப்பவர்களிடம் மென்மை வேண்டியதில்லை, அதற்கு 1994ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. தாயிடம் கேட்கும் குரல் வேறாக இருக்க வேண்டும்.

சின்ன விஷயங்களிலும் நெறி இருக்கிறது. காலனி வீட்டில் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். "இப்பதான் குடிச்சேன்" என்று நீங்கள் எதார்த்தமாகச் சொன்னாலும், அந்த வீட்டார் காதில் அது சாதியாகத்தான் விழும்; அவர்களுடைய அனுபவம் அப்படி. மாம்பழ சீசனில் ஒரு பை கொண்டுவந்து கொடுத்தால், ஆபீஸில் எல்லாருக்கும் நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். பணமாகக் கொடுத்தால் பத்து ரூபாயும் வேண்டாம். நம் பணத்தை அவர்களுக்குக் கடனாகக் கொடுப்பதும் வேண்டாம், அது உறவைக் கெடுக்கும். போட்டோ விஷயத்தில் மட்டும் கடுமையாகவே சொல்கிறேன்: மீட்ட குழந்தையோடு நின்று எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது சேவை இல்லை. பாதுகாப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். முகத்தை மறைத்தாலும் யூனிஃபார்மையும் பின்னால் தெரியும் கோயிலையும் வைத்து ஊரார் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பழங்குடி ஊர்களுக்குப் போகிறவர்கள் வாச்சாத்தியைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். 1992 ஜூன் 20 அன்று சந்தனமரக் கடத்தல் சோதனை என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறையினர் அரூர் பக்கத்து வாச்சாத்திக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைக்க 2011 வரை ஆனது. அதை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023இல். அடையாள அட்டை மாட்டிக்கொண்டு நோட்டோடு வருகிறவரைப் பார்த்து மலை ஊரில் ஒரு பாட்டி கதவைச் சாத்தினால், "விழிப்புணர்வு இல்லை" என்று அறிக்கையில் எழுதுவது அநியாயம்.

தன்னைப் பேணுவது

இவ்வளவையும் ஒரே ஆள் வருடக்கணக்கில் கேட்கிறார், சுமக்கிறார். உடம்பும் மனதும் அதைக் காட்டும். இரண்டு விதமாகக் காட்டும், இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்று வேலைப்பளுவால் வரும் சோர்வு: கேஸ் அதிகம், ரிப்போர்ட் பாக்கி, மீட்டிங்குக்கு மேல் மீட்டிங். இதற்கு ஓய்வும் வேலையைக் குறைப்பதும் உதவும். மற்றது கேட்ட கொடுமைகளால் வரும் காயம்: ஒரு குழந்தை சொன்னது இரவில் திரும்பத் திரும்ப மனதில் ஓடும், சொந்தப் பிள்ளையை யாரிடமும் விட பயம் வரும், போன் அடித்தால் திடுக்கிடும். இரண்டு நாள் லீவு எடுத்தால் இது போகாது. அனுபவமுள்ள ஒருவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான எச்சரிக்கை ஒரு வாக்கியம்தான்: "இவங்க எப்பவுமே இப்படித்தான்." உங்கள் வாயில் இது வர ஆரம்பித்தால், எதிரே உள்ளவர் தனி மனிதராகத் தெரிவது நின்றுவிட்டது என்று பொருள். அன்று மாலையே உங்கள் மேற்பார்வையாளரிடம் பேசுங்கள். அதே போல, சொந்த வாழ்க்கையைத் தொடும் கேஸ்களைக் கவனியுங்கள். குடிகாரத் தந்தையோடு வளர்ந்தவருக்குக் குடிநோயாளியின் மகன் வரும்போது கோபம் இரண்டு மடங்காகும். அப்படிப்பட்ட கேஸை வேறொருவருக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்பதில் எந்தக் குறையும் இல்லை.

களத்தில் உள்ள பெண்களிடம் கேட்டால் முதலில் சொல்வது கழிப்பறையைத்தான். காலையில் கிளம்பி மலை ஊர்களைச் சுற்றிவிட்டுச் சாயங்காலம் வரும்வரை போக இடமில்லை என்பதால் தண்ணீரே குடிப்பதில்லை. அப்புறம் சிறுநீர்த் தொற்று. போகும் வழியில் எந்தப் பள்ளி, எந்த அங்கன்வாடி, எந்த ஆரம்ப சுகாதார நிலையம் என்று முன்பே தெரிந்துவைத்து, அதற்கேற்ப ஹோம் விசிட்டைத் திட்டமிடுவது தன்னைப் பேணுவதில் முதல் பாடம். சிக்னல் கிடைக்காத ஊருக்குப் போகும்போது எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஆபீஸில் எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும். கோபத்தில் இருக்கும் வீட்டுக்குத் தனியாகப் போகக் கூடாது. கடைசி பஸ் நேரத்தைப் பார்த்து வேலையை முடிக்க வேண்டும். மதியம் சாப்பிட வேண்டும். அன்றைய ரிப்போர்ட்டை அன்றே எழுதிவிட்டால், பாதி பாரம் தாளில் இறங்கிவிடும்.

சொந்த நம்பரை எல்லாருக்கும் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம். இரவு பதினொரு மணிக்கு வரும் அழைப்பை எடுக்காமல் விட்டால் குற்ற உணர்ச்சி, எடுத்தால் தூக்கம் போச்சு. முதல் நாளே, "ராத்திரி அவசரம்னா 1098க்கோ, பெண்கள் உதவி எண் 181க்கோ கூப்பிடுங்க, அங்க ஆள் இருப்பாங்க, காலையில நான் பேசறேன்" என்று சொல்லிப் பழக்குங்கள். ஒரே ஒருவரை நம்பி இருப்பதைவிட எப்போதும் திறந்திருக்கும் ஓர் அமைப்பை நம்புவது பயனாளிக்கும் பாதுகாப்பு. வீட்டில் கேஸ் விவரம் பேசக் கூடாது. ஆனால் "இன்னைக்கு மனசு சரியில்ல, கொஞ்ச நேரம் சும்மா இருக்கேன்" என்று சொல்லலாம், அதில் யாருடைய ரகசியமும் இல்லை. தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை மற்றவர்களுக்குக் கொடுப்பதோடு நிற்காமல் நீங்களும் அழைக்க வேண்டும்.

இதையெல்லாம் பணியாளர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. ஒரு நாள் யோகா வகுப்பு நடத்திவிட்டு, மூன்று பணியாளர்கள் பார்க்க வேண்டிய கேஸ்களை ஒருவரிடமே கொடுக்கும் நிறுவனம் தன் கடமையைச் செய்யவில்லை. தொகுப்பூதியம், தாமதமாக வரும் சம்பளம், சொந்தக் காசில் பெட்ரோல் இவையெல்லாம் ஒருவரை உள்ளுக்குள் தின்றுவிடும். களத்தில் நடக்கும் பாலியல் தொல்லையும் பணியிடத் தொல்லைதான். வேலை நிமித்தமாகப் போகும் இடத்தையும் பயணிக்கும் வண்டியையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பணியிடமாகவே கணக்கில் எடுக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வேலைக்கு இன்டர்வியூ போகும்போது சம்பளத்தோடு இவற்றையும் கேளுங்கள். ஒருவருக்கு எத்தனை கேஸ் கொடுப்பீர்கள்? கேஸைப் பற்றிப் பேச வாரம் ஒருமுறையாவது மேற்பார்வையாளர் உட்காருவாரா? ஹோம் விசிட்டுக்கு இரண்டு பேராக அனுப்புவீர்களா? பயணப்படி மாதாமாதம் வருமா? கேட்டதும் முகம் சுளித்தால், அந்த இடத்தில் சேருவதற்கு முன் அங்கே ஏற்கெனவே வேலை செய்த ஒருவரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.